கால் சம்பாதிக்கும் காலம்

பந்து விளையாடினால் சோறு கிடைக்குமா என்ற கேள்வி பெங்களூர்த் தண்டுப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அல்சூரிலும் கௌதமபுரத்திலும் ஆஸ்டின் டவுனிலும் மர்பி டவுனிலும் மூன்று தலைமுறையாக இந்தக் கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. தாத்தாவிடம் கேட்டபோது அவர் கல்கத்தாவைக் காட்டினார். அப்பாவிடம் கேட்டபோது அவர் பாக்டரி கேட்டைக் காட்டினார். இன்று பேரனிடம் கேட்டால் அவன் கைப்பேசியைக் காட்டுகிறான். அதில் ஓர் ஆப்பிரிக்க இளைஞர் ஐரோப்பிய மைதானம் ஒன்றில் பந்தோடு பறந்துகொண்டிருக்கிறார்.

"செனகல் நாட்டுக் குக்கிராமத்திலிருந்து ஒருவர் போய் ஜெயிக்கலாம் என்றால் நான் ஏன் போகக் கூடாது?" என்கிறான் பையன். சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டிருக்கும் வீட்டில் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் முதுகில் ஓர் அறை. அது போதாது. பையன் சொல்லும் உதாரணம் உண்மையானது. ஆகவே அதை முழுதாக எடுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வதுதான் முறை.

அவன் சொல்வது சாடியோ மானேயைப் பற்றி. 1992ல் செனகல் நாட்டின் பம்பாலி என்ற சிற்றூரில் பிறந்தவர். தகப்பனார் மசூதியில் தொழுகை நடத்தியவர். மகனுக்கு 7 வயதிருக்கும்போது இறந்துவிட்டார். ஊரில் ஆஸ்பத்திரி கிடையாது. 15 வயதில் வீட்டில் சொல்லாமல் தலைநகர் டாக்கருக்கு ஓடிப்போனார். தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்து வந்தார்கள். பிறகு குடும்பத்தார் இறங்கி வந்தார்கள். சிற்றப்பா விளைச்சலை விற்றுப் பணம் கொடுத்தார். டாக்கரில் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்த இடத்தில், கிழிந்த பூட்சைப் பார்த்து, "இதைப் போட்டுக்கொண்டா ஆட வந்தாய்?" என்று ஒருவர் கேட்டாராம். சேர்த்துக்கொண்டார்கள். அங்கிருந்து 2011ல் பிரான்சின் மெட்ஸ், 2012ல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், 2014ல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன், 2016ல் லிவர்பூல். 2019ல் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை. 2022ல் செனகலுக்கு முதல் ஆப்பிரிக்கக் கோப்பை. கடைசிப் பெனால்டியை அடித்தவர் அவரே. சம்பாதித்த பணத்தில் பம்பாலியில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிக் கொடுத்தார்.

பையனின் கைப்பேசியில் இவ்வளவும் இருக்கும். ஆனால் அவன் வேகமாகத் தள்ளிவிட்டுப் போகும் இரண்டு விஷயங்கள் உண்டு. திரும்ப அழைத்து வந்த குடும்பம் ஒரு நிபந்தனை போட்டது: அந்தப் பள்ளி ஆண்டை முடித்துவிட்டுத்தான் டாக்கர் போக வேண்டும் என்று. மானே ஒப்புக்கொண்டு முடித்தார். இன்னொன்று, அவர் தனியாக ஒரு ஏஜெண்டின் கையைப் பிடித்துக்கொண்டு பாரிசுக்கு விமானம் ஏறவில்லை. டாக்கரில் அவரைச் சேர்த்துக்கொண்ட 'ஜெனரேஷன் பூட்' என்ற பயிற்சிக் கூடத்துக்கும் மெட்ஸ் கிளப்புக்கும் ஏற்கெனவே எழுத்து மூலமான ஏற்பாடு இருந்தது. கூடம் பையன்களைப் பயிற்றுவிக்கும்; கிளப் உதவி செய்யும்; தேறியவர்களை எடுத்துக்கொள்ளும். அந்தப் பாலத்தின் மேல்தான் மானே நடந்து போனார்.

பாலம் இல்லாத காலத்தில் போனவர்களின் கதை வேறு. ஆர்தர் வார்ட்டன் என்பவரைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. 1865ல் இன்றைய கானாவின் அக்ராவில் பிறந்து, பாதிரியார் படிப்புக்காக 1882ல் இங்கிலாந்து போனவர். 1886ல் 100 கஜ ஓட்டத்தை 10 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார். பிரெஸ்டன் குழுவுக்குக் கோல் கீப்பராக நின்றார். 1889ல் ராதர்ஹாம் டவுன் கிளப்பில் சம்பளத்துக்கு ஆட ஒப்பந்தமானார். உலகில் சம்பளம் வாங்கிப் பந்தாடிய முதல் கறுப்பர் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். 1902 வரை ஆடினார். அதற்குப் பிறகு? யார்க்ஷயர் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை. 1930ல் ஏழையாக இறந்தார். எட்லிங்டன் கல்லறையில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல்கூட இல்லை, 1997ல்தான் வைத்தார்கள்.

சுரங்கத்தைப் பற்றி நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. வார்ட்டன் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்த அதே 1880களில்தான் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர்கள் கோலார் தங்கவயலில் இறங்கத் தொடங்கினார்கள். 2001 பிப்ரவரி 28ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடி வந்து போகிறவர்களில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களும் இருப்பார்கள். உடம்பை வைத்துச் சம்பாதிக்கிறவனுக்கு உடம்பு ஓய்ந்த பின் என்ன கதி என்பதை அவர்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

இனி நம்மூர்க் கதைக்கு வருவோம்.

பெங்களூருக்குப் பந்து வந்தது பட்டாளத்தோடு. வெள்ளைக்காரச் சிப்பாய் பரேடு மைதானத்தில் உதைத்தான். வேலிக்கு வெளியே நின்ற சமையல்காரர் மகனும் குதிரைக்காரர் மகனும் பார்த்துக்கொண்டார்கள். அல்சூர் ஏரிக்கரையில் மதராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம். அதில் பெரும்பாலும் தமிழ்ச் சிப்பாய்கள். அருகே தர்மப் பிரபு ஆற்காடு நாராயணசாமி முதலியாரின் பெயரால் நடக்கும் பள்ளிகளின் மைதானம். பூட்ஸ் வாங்க வசதி ஏது? வெறுங்காலிலேயே ஆடினார்கள். அந்த வெறுங்கால்தான் 1948ல் லண்டன் ஒலிம்பிக் வரை போயிற்று. ஜூலை 31ந் தேதி பிரான்சுடன் நடந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றோம். ஆனால் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலை அடித்தவர் பெங்களூர் ஆட்டக்காரர் சாரங்கபாணி ராமன். அதே குழுவில் அகமது கானும் தன்ராஜும் பெங்களூரிலிருந்து போனவர்கள். ஒரே குழுவில் ஒரு தண்டு ஊரின் பையன்கள் இத்தனை பேர்!

இவர்கள் பிழைப்புக்கு எங்கே போனார்கள்? கல்கத்தாவுக்கு. ஆப்பிரிக்கப் பையனுக்கு ஐரோப்பா எப்படியோ, அப்படித்தான் நம் பையனுக்குக் கல்கத்தா. பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, மழை வேறு, மண் வேறு. ஆனால் அங்கே ஆட்டத்துக்கு மரியாதை உண்டு. மாலையில் மைதானம் நிரம்பி வழியும். அகமது கானும் தன்ராஜும் வெங்கடேஷ், அப்பாராவ், சாலே ஆகிய மற்ற மூன்று தெற்கத்தியரோடு சேர்ந்து ஈஸ்ட் பெங்கால் கிளப்பின் முன்வரிசையில் நின்றபோது வங்காளிகள் அந்த ஐவருக்கும் 'பஞ்ச பாண்டவர்' என்று பெயர் வைத்தார்கள். 1949, 1950, 1951 என்று வரிசையாக மூன்று ஆண்டு ஐ.எப்.ஏ. ஷீல்டு அந்த கிளப்புக்கே போயிற்று. ஐந்து தெற்கத்தியர் வங்காளத்தின் பெருமையைத் தூக்கி நிறுத்தினார்கள் என்பதை இன்று வெளிமாநிலத்தான் என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அவர்களுக்குப் பின்னாலும் வரிசை நிற்கவில்லை. மெல்போர்ன் ஒலிம்பிக் கண்ட கெம்பையா, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற குழுவில் இருந்த அருமைநாயகம் என்று மோகன் பகான் கிளப்புக்கும் பெங்களூரிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆசியாவின் பீலே என்று ஜெர்மன் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் புகழ்ந்த புங்கம் கண்ணன் கல்கத்தாவிலேயே தங்கிவிட்டார். 2023 ஏப்ரலில் அங்கேயே காலமானார். அகமது கான் திரும்பி வந்து 2017ல் பெங்களூரில் கண் மூடினார்.

ஐரோப்பாவுக்கே போன இந்தியர் ஒருவரும் அந்தக் காலத்தில் உண்டு. கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முகமது சலீம் 1936ல் ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்காக, காலில் பூட்சுக்குப் பதில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடினார். கால்ஸ்டன் குழுவுடன் நடந்த ஆட்டத்தில் செல்டிக் 7-1 என்று ஜெயித்தது. தங்கச் சொல்லிக் கேட்டார்கள். வீட்டு ஞாபகம் தாங்காமல் கப்பல் ஏறித் திரும்பிவிட்டார். முதல் சம்பளத்தில் ஊருக்கு டிக்கெட் எடுக்க நினைத்தவர்கள் யாரும் சலீமைக் குறை சொல்ல மாட்டார்கள்.

கௌதமபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேக்கும் சிலை வைத்த ஊர் அது. 'சின்ன பிரேசில்' என்று பெயர். கூலி வேலைக்கும் பட்டாள வேலைக்கும் வந்த தமிழர்களின் பேரப் பிள்ளைகள் ஏன் பிரேசிலைக் கொண்டாட வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கு ஆப்பிரிக்காவில் பதில் இருக்கிறது. மொசாம்பிக் நாட்டின் தலைநகரில் மஃபலாலா என்ற ஏழைப் பேட்டை. அங்கே 1942ல் பிறந்த ஒரு பையன். ரயில்வேயில் வேலை பார்த்த தகப்பனார், அவன் சிறுவனாக இருக்கும்போதே இறந்துபோனார். துணிப் பந்தை வெறுங்காலில் உதைத்த அந்தப் பேட்டைப் பையன்கள் தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் 'பிரேசில்காரர்கள்'. கறுப்பும் மாநிறமுமான மனிதர்கள் உலகத்தை ஜெயித்ததை அவர்கள் முதன்முதலில் கண்டது பிரேசில் சட்டையில்தானே! அந்தப் பையன்தான் யுசேபியோ. 1960 டிசம்பரில் லிஸ்பனின் பென்பிகா கிளப்புக்கு அவரைக் கொண்டுபோனபோது, போட்டிக் கிளப் தட்டிப் பறித்துவிடக் கூடாதென்று ஒரு பெண்ணின் பெயரால் ரகசியத் தகவல் அனுப்பிக் கொண்டுபோனார்கள். 1966 உலகக் கோப்பையில் வட கொரியாவுடன் 3-0 என்று பின்தங்கிய போர்ச்சுகலை நான்கு கோல் அடித்து மீட்டார். அந்தப் போட்டி முழுவதிலும் 9 கோல். முழங்காலில் பலமுறை ஆபரேஷன் செய்துகொண்டும் ஆடினார். ஏனென்றால் ஆடினால்தான் பணம். 2014ல் அவர் இறந்தபோது போர்ச்சுகல் மூன்று நாள் தேசிய துக்கம் அனுஷ்டித்தது. மொசாம்பிக் அடிமை நாடாக இருந்ததால் அவர் அடித்த கோல்களெல்லாம் போர்ச்சுகல் கணக்கில் எழுதப்பட்டன. மஃபலாலாவுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பெருமை கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெருமை நல்லதுதான். ஆனால் மளிகைக் கடையில் அதை வாங்கிக்கொண்டு அரிசி தர மாட்டார்கள்.

நம் அப்பாமார்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். கல்கத்தா எல்லாருக்கும் வாய்க்காது என்று அறிந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த வழி பெங்களூரின் பொதுத்துறைத் தொழிற்சாலைகள். 1940ல் எச்.ஏ.எல்., 1948ல் ஐ.டி.ஐ., 1953ல் எச்.எம்.டி., 1954ல் பி.இ.எல்., 1964ல் பி.இ.எம்.எல். என்று வரிசையாக வந்தன. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., எல்.ஆர்.டி.இ. போன்றவை கால்பந்துக் குழுக்கள் வைத்துப் போட்டி போட்டன. ஒரு பையன் ஜில்லா லீகில் நாலு கோல் அடித்தால் மைதானத்தின் ஓரத்திலேயே ஒரு அதிகாரி வந்து தோளில் கை போடுவார். காலையில் மெஷின் ஷாப்பில் கையெழுத்து, மத்தியானம் பிராக்டீஸ், போட்டிக்கு ஸ்பெஷல் லீவு. 30 வயதில் கால் ஓய்ந்தால் என்ன? 58 வயது வரை வேலை இருக்கும். பி.எப்., கிராஜுவிட்டி, கேன்டீன் சாப்பாடு, குவார்ட்டர்ஸ், பிள்ளைக்கு டவுன்ஷிப் பள்ளிக்கூடம். ஆட்டம் பெண் பார்க்கப் போகும் இடத்தில் சொல்லிக்கொள்ள. வேலை சோறு போட.

வேலை பார்க்காமல் சம்பளம் வாங்கினார்கள் என்று அந்த ஏற்பாட்டைக் கேலி செய்தவர்களும் உண்டு. கேலியில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அப்படி வந்த ஆட்டக்காரர்களின் வேலையைப் பக்கத்து மெஷினில் நின்றவர்தான் செய்தார். இருந்தாலும் ஒரு கணக்கைப் பாருங்கள். மைசூர் மாநிலம் 1946-47, 1952-53, 1967-68, 1968-69 என்று நான்கு முறை சந்தோஷ் கோப்பையை வென்றது. அதற்கு அடுத்த வெற்றி எப்போது? 2023 மார்ச்சில், சவூதி அரேபியாவின் ரியாத்தில், மேகாலயாவை 3-2 என்று தோற்கடித்துக் கர்நாடகம் வென்றபோது. இடையில் 54 ஆண்டுகள்! அந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, கேட்டுக்குள் எடுக்கும் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தது. எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை 2016ல் மூடப்பட்டது. எச்.ஏ.எல். குழு 2012 வரை நாட்டின் முதல் தர ஐ-லீகில் தாக்குப்பிடித்து, கடைசி இடத்துக்கு வந்து வெளியேறியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர உத்தியோகம் என்பது இன்று ரயில்வே, பட்டாளம், போலீஸ் போன்ற சில வாசல்களில்தான் மிஞ்சியிருக்கிறது. மற்ற இடங்களில் ஒப்பந்தக் கூலிக்கே ஆள் எடுக்கிறார்கள். பந்தாட்டக்காரனை யார் எடுப்பார்கள்?

அந்த இடத்தில் இப்போது வந்திருப்பது தொழில்முறை கிளப். பெங்களூர் எப்.சி. 2013ல் தொடங்கி முதல் பருவத்திலேயே ஐ-லீகை வென்றது. ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அசோக் நகர் மைதானத்தில் அந்த ஆண்டு ஆடிய குழுவின் தற்காப்பு வரிசையில் நின்றவர் கர்டிஸ் ஒசானோ. கென்யாவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, ரெடிங், லூட்டன் போன்ற கிளப்புகளில் பழகி, பிழைப்புக்குப் பெங்களூர் வந்த ஆப்பிரிக்கர். நம் பையன்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்று அவரைப் பார்த்தார்கள். இன்னொருவர் குர்பிரீத் சிங் சந்து. 2014ல் நார்வேயின் ஸ்டாபெக் கிளப்புக்குப் போய், 2016ல் ஐரோப்பா லீக் போட்டியில் ஆடிய முதல் இந்தியர் என்ற பெயரோடு 2017ல் பெங்களூர் கிளப்புக்குக் கோல் கீப்பராக வந்தார். எனவே ஐரோப்பா எட்டாத கனி என்று சொல்ல மாட்டேன். ஏணி வைத்தவர்களுக்கு எட்டியிருக்கிறது.

ஆனால் இந்தத் தொழிலின் மண் எவ்வளவு இளகியது என்பதை 2025ல் எல்லாரும் பார்த்தோம். இந்தியன் சூப்பர் லீகை நடத்தும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபறியானது. அந்த ஆண்டு ஜூலையில் அடுத்த பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூர் கிளப் தன் முதல் குழுவின் ஆட்டக்காரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. தேசியக் குழுவுக்கு ஆடியவர்களுக்கே இந்த நிலை என்றால், இரண்டாம் வரிசையில் நிற்கும் நம் வீட்டுப் பையனை நினைத்துப் பாருங்கள். லாக்-அவுட் என்ற வார்த்தையின் பொருள் பின்னி மில்லில் வேலை பார்த்த குடும்பங்களுக்குத் தெரியும். மில் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, கொடி இருந்தது. ஆட்டக்காரனுக்கு வாசலில் உட்காரவும் கேட் கிடையாது.

நம் நாட்டுக்கு வரும் ஆப்பிரிக்க ஆட்டக்காரர்களையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மலப்புறம் பக்கம் 'செவன்ஸ்' பந்தயங்களில் நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் பையன்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஆடுகிறார்கள். கல்கத்தாவில் 'கேப்' ஆட்டம் என்று ஒன்று உண்டு. ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு ஆடுவது. கால் முறிந்தால் அன்றோடு சரி. இவர்களிலும் மேலே போனவர் உண்டு. நைஜீரியாவின் சீமா ஒகோரி 1980களில் இந்தியாவுக்கு மாணவராக வந்து, கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடி, 1990களில் இங்கிலாந்தின் பீட்டர்பரோ, கிரிம்ஸ்பி போன்ற சிறிய கிளப்புகள் வரை போய் வந்தார். அவருக்குத் தெம்பு இருந்தது, அதிர்ஷ்டமும் இருந்தது. அவர் பின்னால் வந்து பாஸ்போர்ட்டையும் பணத்தையும் ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டு நிற்பவர்களின் பெயர் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான் நடந்தது. ஐரோப்பாவில் 'டிரையல்' என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் வாங்கி, ஆப்பிரிக்கச் சிறுவர்களைப் பாரிசில் கொண்டுபோய் விட்டுவிட்டு மறைந்த தரகர்கள் ஏராளம். அப்படி அநாதையாக நின்ற பிள்ளைகளுக்காக 2000ல் முன்னாள் காமெரூன் ஆட்டக்காரர் ஜான் குளோட் ம்பூமென் ஒரு சங்கமே தொடங்க வேண்டி வந்தது. அரபு நாட்டில் வேலை என்று நகையை அடகு வைக்கச் சொல்லி மறைந்த ஏஜெண்டுகளைக் கண்ட நமக்கு இந்த வியாபாரம் புரியாததல்ல. பொருள்தான் வேறு. அங்கே தச்சன், கொத்தன். இங்கே 14 வயதுப் பிள்ளை.

இந்த அநியாயங்களால்தான் 2001ல் உலகக் கால்பந்துச் சம்மேளனம் 18 வயது நிரம்பாதவரை நாடு விட்டு நாடு கிளப் மாற்றக் கூடாது என்று சட்டம் செய்தது. சில விலக்குகள் உண்டு. நம் பையன்களுக்கு அவை பொருந்துவது அரிது. ஆகையால் 15 வயது மகனை வெளிநாட்டுக் கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று ஒருவர் வீட்டு வாசலில் நின்றால், அவர் சொல்வது சட்டப்படி நடக்கக் கூடியதுதானா என்று முதலில் கேளுங்கள். ஏஜெண்டுகளுக்குப் பரீட்சை வைத்து லைசென்ஸ் கொடுக்கும் முறை 2023ல் மறுபடி வந்திருக்கிறது. லைசென்ஸ் பெற்றவர்கள் பெயரைச் சம்மேளனம் பகிரங்கமாக வெளியிடுகிறது. மைனர் பிள்ளை விஷயத்தில் தாய் தகப்பனின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஏஜெண்ட் பேசவே கூடாது. சம்மதக் கடிதம் என்று நீட்டும் காகிதத்தைக் குமாஸ்தா வேலை பார்க்கும் நம் அண்ணன்மார்கள் யாரிடமாவது காட்டிப் படிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அதே 2001 சட்டத்தில் நம் பேட்டைகளுக்குப் பயன்படும் இன்னொரு விதியும் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே யாரும் பேசக் காணோம். ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலம் முடியும் முன்னே ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து வேறு நாட்டுக் கிளப்புக்குப் பணத்துக்கு மாற்றப்பட்டால், அந்தத் தொகையில் நூற்றுக்கு 5 பங்கு, அவரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்குக் கால் சதவீதம். 16 முதல் 23 வரை ஆண்டுக்கு அரை சதவீதம். ஒரு கோடி ரூபாய் கைமாறினால், 12 வயதிலிருந்து நாலு வருஷம் அவனுக்குப் பந்து கொடுத்து, மாலையில் வாழைப்பழமும் முட்டையும் கொடுத்து வளர்த்த பேட்டைக் கிளப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் உரிமையாக வர வேண்டும். பிச்சை அல்ல, தர்மம் அல்ல. ஒவ்வொரு முறை மாறும்போதும் வர வேண்டும். ஆப்பிரிக்காவில் எத்தனையோ சிறிய கிளப்புகள் இந்தப் பங்கைக் கேட்டு வாங்கி மைதானத்தைச் சீர்செய்திருக்கின்றன. கேட்கத் தெரியாத கிளப்புகள் இழந்தும் இருக்கின்றன.

நம் பேட்டைக் கிளப்புகள் இழக்கும் ரகம். காரணம் காகிதம். பந்து இருக்கும், கோச் இருப்பார், வருடாவருடம் கோப்பை நடத்தி ஆட்டுக்கிடாய் பரிசும் கொடுப்பார்கள். ஆனால் சங்கத்தில் பதிவு இருக்காது. பையனின் பெயர் 12 வயதில் எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது. நாளைக்கு அவன் பெரிய ஆளானால் இவன் எங்கள் பையன் என்று போஸ்டர் ஒட்டலாம். பங்கு கேட்க முடியாது. கோச் என்று இங்கே இருப்பவர் யார்? பெரும்பாலும் ஐ.டி.ஐ.யிலோ எச்.ஏ.எல்.லிலோ ஆடி ரிடையரான பெரியவர். தம் பென்ஷன் பணத்தில் பந்து வாங்குகிறவர். அவருக்குப் பிறகு அந்த வேலையைச் செய்ய ஆள் வர வேண்டுமானால் இந்தப் பணம் வந்தாக வேண்டும்.

பேட்டைப் பெரியவர்களும் தமிழ்ச் சங்கத்தாரும் தொழிற்சங்கத்தாரும் இதில் தலையிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கு போதும். ஒவ்வொரு பேட்டைக் கிளப்பும் மாநிலக் கால்பந்துச் சங்கத்தில் முறையாகப் பதிவாக வேண்டும். 12 வயது ஆன ஒவ்வொரு பையனும், பெண் பிள்ளைகளும்தான், அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் பதிவில் அந்தக் கிளப்பின் பெயரில் ஏற வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி என்று இருந்தால் இப்போதே திருத்திவிட வேண்டும். வயதைக் குறைத்துக் காட்டினால் சப்-ஜூனியரில் ஆடலாம் என்று யோசனை சொல்லும் உபகாரிகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆப்பிரிக்காவில் எத்தனையோ பேரின் வாழ்க்கையை முடித்தது அந்தப் பொய் வயதுதான்.

பையனிடம் என்ன சொல்வது? போ என்றுதான் சொல்ல வேண்டும். நாமே ஊரை விட்டு வந்தவர்கள். தர்மபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்தவர்கள் பிள்ளையைப் போகாதே என்று சொல்ல என்ன முகம்? ஆனால் மானேயின் குடும்பம் போட்ட நிபந்தனையை நாமும் போடலாம். எஸ்.எஸ்.எல்.சி. முடி. முடிந்தால் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் என்று ஒரு சர்டிபிகேட் வாங்கு. (தொழிற்சாலை ஐ.டி.ஐ. அல்ல, தொழிற்பயிற்சிப் பள்ளி.) மாலையில் மைதானம் உன்னுடையது. 18 வயதில் எந்தக் கிளப் கூப்பிட்டாலும், ஒப்பந்தத்தில் காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, சம்பளம் எந்தத் தேதியில், கிளப் மூடினால் பாக்கிக்கு யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கு.

கர்நாடக அரசுக்கும் பொதுத்துறை நிர்வாகங்களுக்கும் ஒரு விண்ணப்பம். குழுவை மறுபடி தொடங்குங்கள் என்று கேட்டால் நஷ்டக் கணக்கைக் காட்டுவீர்கள். அது வேண்டாம். அப்ரண்டிஸ் எடுக்கும்போது மாநிலத்துக்காகவோ ஜில்லாவுக்காகவோ ஆடிய பையன்களுக்குச் சில இடங்களை ஒதுக்கி வையுங்கள். ஸ்டைபண்டும் தொழிலும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை லீகில் ஆடட்டும். இதற்குப் புது மைதானம் தேவையில்லை, புது பட்ஜெட் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

கிளப்புப் பதிவைப் பற்றி விசாரிக்க விரும்புவோர் அசோக் நகர் கால்பந்து மைதானத்தில் உள்ள மாநிலச் சங்க அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது கிளப்பின் பெயர், நிர்வாகிகள் பட்டியல், பையன்களின் பிறப்புச் சான்றிதழ் நகல்கள், இரண்டு போட்டோக்கள் கையில் இருக்கட்டும். ஒரே நாளில் முடியாது. இரண்டு மூன்று முறை நடக்க வேண்டியிருக்கும். ரேஷன் கார்டுக்கு நடந்த கால்கள்தானே, இதற்கும் நடக்கும்.